செஞ்சிக் கோட்டை: மலையில் ஆபத்து, மண்டபத்தில் கிறுக்கல். காவலாளியால் எதுவரை செய்ய முடியும்?

கோட்டைச்சுவர் (இழையைத் தொடங்கியவர்)

2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் 12 உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. அவற்றில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். கூட்டம் ஏற ஏற இரண்டு சிக்கல்களும் ஏறும். ஒன்று, கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகால் கட்டடத்தின் சுதைச் சுவரில் பெயர் கீறுபவர்கள். இன்னொன்று, கோட்டையின் மலைகளில் ஒன்றான ராஜகிரி உச்சியில் மயங்கி விழுபவர்கள். சுமார் 800 அடி உயரம், வழியெல்லாம் படி, வண்டி போகாது.

இரண்டையும் ஒரே இழையில் பேசலாம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் களத்தில் இரண்டையும் சமாளிக்க நிற்பது அதே நாலைந்து பேர்தான். கேள்வி இதுதான்: சுவரில் சாவியால் கீறிக்கொண்டிருப்பவனை வாசல் காவலாளி பிடித்து வைக்கலாமா? மேலே ஒருவர் விழுந்தால் முதல் பத்து நிமிடத்தில் யார் என்ன செய்ய வேண்டும்? "விழிப்புணர்வு வேண்டும்" வகைப் பதில்கள் வேண்டாம். சட்டப் பிரிவு, மருந்து அளவு, ஆள் எண்ணிக்கை என்று சொல்லுங்கள்.

---

வழக்குக்கட்டு

சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். செஞ்சி மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். பொருந்துவது 1958ஆம் ஆண்டுப் பண்டைய நினைவுச் சின்னங்கள் சட்டமும் அதன் கீழ் வந்த 1959ஆம் ஆண்டு விதிகளும். இவை இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பாதிப் புகார்கள் செத்துப்போகின்றன.

சட்டத்தின் பிரிவு 30: சின்னத்தை அழிப்பது, சிதைப்பது, மாற்றுவது, உருக்குலைப்பது, ஆபத்துக்குள்ளாக்குவது, தவறாகப் பயன்படுத்துவது. 2010 திருத்தத்துக்கு முன் 3 மாதம் சிறை, 5,000 ரூபாய் அபராதம் என்றிருந்தது. இப்போது 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

விதி 8 வேறு. அனுமதியில்லாத இடத்தில் சமைப்பது, சாப்பிடுவது, உரிமமில்லாமல் பொருள் விற்பது, காசு வாங்கிக்கொண்டு சுற்றிக்காட்டுவது, பிச்சை எடுப்பது, விலங்கைக் கொண்டுவருவது, நிறுத்துமிடம் தாண்டி வண்டியைக் கொண்டுவருவது. இவற்றுக்கு விதி 9இன்படி 500 ரூபாய் வரை அபராதம், அவ்வளவுதான். அதுவும் நீதிமன்றம் விதிப்பது. வாசலில் நிற்பவர் கையில் வாங்குவது அபராதம் ஆகாது.

நடைமுறையில் பெரிய வித்தியாசம் எது என்றால், பிரிவு 32. பிரிவு 30(1)இன் முதல் உட்பிரிவும் (சிதைத்தல்) மூன்றாம் உட்பிரிவும் (சிற்பம், கல்வெட்டு முதலியவற்றைப் பெயர்த்து எடுத்தல்) பிடியாணை இல்லாமல் போலீஸ் நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றங்கள். பிரியாணி பொட்டலத்தைப் பிரித்தவர் மீது போலீஸ் தானாக விசாரணை தொடங்க முடியாது, மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். கீறியவர் மீது தொடங்கலாம்.

---

படிக்கல்

இவ்வளவு பிரிவு எதற்கு? கீறுகிறவனைப் பிடித்து அறையில் உட்காரவைத்து, போனைப் பிடுங்கி வைத்தால் அடுத்தவன் செய்யமாட்டான்.

---

வழக்குக்கட்டு

செய்யலாம். அடுத்த நாள் அந்தக் காவலாளி மீது வழக்கு வரும்.

தனியார் ஒருவர் இன்னொருவரைக் கைது செய்வது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 40இல் வருகிறது. கண்ணெதிரே நடந்த குற்றமாக இருக்க வேண்டும். பிடியாணை தேவைப்படாத குற்றமாகவும், ஜாமீனில் விட முடியாத குற்றமாகவும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும். 1958 சட்டப் பிரிவு 30க்கு உச்ச தண்டனையே 2 ஆண்டுதான். 3 ஆண்டுக்குக் குறைவாகத் தண்டனை உள்ள பிற சட்டக் குற்றங்கள் ஜாமீன் தரவேண்டியவை. ஆக முதல் நிபந்தனை நிறைவேறுகிறது, இரண்டாவது நிறைவேறவில்லை. ஒப்பந்தக் காவலாளியும் தொல்லியல் துறை ஊழியரும் சட்டத்தின் கண்ணில் இங்கே தனியார்தான். அறையில் பூட்டினால் பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) பிரிவு 127, வழியை மறித்தால் 126. போனைப் பிடுங்க யாருக்கும் அதிகாரம் இல்லை, போலீஸ் கைப்பற்றினால்கூட அதற்கு மகஜர் எழுத வேண்டும்.

---

நீலக்கோப்பு

வழக்குக்கட்டு சொன்னதில் ஒரு ஓட்டை. 1984ஆம் ஆண்டுப் பொதுச் சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம், பிரிவு 3(1): 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும். மத்திய அரசின் உடைமையில் இருக்கும் சொத்தும் அதில் அடங்கும். 5 ஆண்டு என்றால் ஜாமீனில் விட முடியாத குற்றம். அப்போது பிரிவு 40 காவலாளிக்குப் பொருந்துமே?

---

வழக்குக்கட்டு

தாளில் பொருந்தும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சேதம் என்று நிரூபிக்க மதிப்பீடு வேண்டும், கீறியவன் அதே ஆள் என்பதற்குச் சாட்சி வேண்டும். பள்ளிக்கூடப் பையனின் சாக்பீஸ் எழுத்துக்கு இந்தப் பிரிவைக் காட்டிப் பிடித்துவைத்தால், துடைத்தால் போகிற எழுத்துக்கு எங்கே சேதம் என்று கேட்பார்கள். கல்லைப் பெயர்த்தவன், சுதையை உடைத்தவன் என்றால் வேறு பேச்சு. அப்போதும் "தாமதமின்றி, 6 மணி நேரத்துக்குள்" போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். புதிய சட்டம் அந்த 6 மணி நேரத்தை எழுதியே வைத்துவிட்டது.

போலீஸ் வந்தாலும் உடனே கைது நடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனைக் குற்றம் என்பதால் நடைமுறைச் சட்டப் பிரிவு 35(3)இன்படி ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் கொடுத்து அனுப்புவதுதான் பெரும்பாலும் நடக்கும். அதைப் பார்த்து "விட்டுவிட்டார்கள்" என்று பொங்க வேண்டாம். வழக்கு உயிரோடுதான் இருக்கிறது.

---

சுதைக்கரண்டி

வழக்கு நிற்பதும் விழுவதும் புகார்த்தாளில்தான். நல்ல புகாரில் இவை இருக்கும்: அரசிதழில் உள்ளபடி சின்னத்தின் பெயர், கட்டடம், எந்தத் தளம், எந்தத் திசைச் சுவர், தரையிலிருந்து உயரம், கீறலின் நீளமும் ஆழமும், நேரம், பார்த்தவர் பெயர். "கோட்டையில் கிறுக்கினார்" என்று ஒரு வரி எழுதினால் புலனாய்வு அதிகாரியே எந்தச் சுவர் என்று தேட வேண்டியிருக்கும்.

படம் எடுக்கும்போது மூன்று: தூரத்திலிருந்து சுவர் முழுவதும் தெரிய ஒன்று, அடையாளம் தெரியும் அளவில் நடுத்தூரத்தில் ஒன்று, அருகில் அளவுகோல் வைத்து ஒன்று. அளவுகோல் இல்லையா, பத்து ரூபாய் நாணயம் போதும். சுவரைத் தொடாமல் பக்கத்தில் பிடிக்கவும். மூலக் கோப்பை அழிக்கக் கூடாது. வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கி நேர விவரங்களை இழந்துவிடும், ஆவணமாக அனுப்பவும். நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63இன்படி மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழ் கேட்பார்கள்.

இன்னொன்று. மார்க்கர் எழுத்தைப் பார்த்ததும் தின்னர் துணியோடு பாய்கிற நல்லவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தின்னர் மையைக் கரைத்து கருங்கல்லின் நுண்துளைக்குள் இறக்கிவிடும். மேலே மங்கும், உள்ளே நிரந்தரமாகும். துறை வேதியியல் பிரிவு செய்வது வேறு. காகிதக்கூழ் அல்லது களிமண்ணில் கரைப்பானைக் குழைத்து அப்பி, உலரும்போது மையை வெளியே இழுக்க வைப்பார்கள். கம்பி பிரஷ் கல்லுக்குக்கூட ஆகாது, சுதைக்குக் கேட்கவே வேண்டாம். சுதையில் கீறியதற்கு வைத்தியமே கிடையாது. நிரப்பினால் நிரப்பியது தெரியும்.

---

வழக்குக்கட்டு

காலவரம்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அபராதம் மட்டுமே உள்ள குற்றத்துக்கு, அதாவது விதி 9க்கு, 6 மாதம். பிரிவு 30க்கு 3 ஆண்டு. சமூக ஊடகத்தில் பழைய வீடியோ கிடைத்தது என்று வருபவர்கள் முதலில் தேதியைப் பாருங்கள்.

---

தேனடை

சட்டம் போதும், மலைக்கு வாருங்கள். செஞ்சியில் நான் முதலில் வைப்பது மலைத்தேனீ. பாறை முகட்டின் தொங்கலில், கோபுர விதானத்தில் ஒற்றை அடையாகத் தொங்கும், ஒரு மீட்டர் அகலம் வரை வரும். தானாக வந்து கொட்டாது. எழுப்பிவிடுவது நாம்: கல்லெறிவது, அடைக்குக் கீழே பீடி சிகரெட் புகை, பட்டாசு, ட்ரோன் விசிறி, கும்பலாகக் கூச்சல். சென்ட் போட்டுக்கொண்டு ஏறுவதும் வேண்டாம்.

ஒரு தேனீ கொட்டினால் கொடுக்கோடு ஒரு வாசனையும் விட்டுப் போகும், வாழைப்பழ வாசம் போல இருக்கும். அதுதான் மற்றவற்றுக்கு அழைப்பு. ஆகவே கொட்டிய தேனீயை நசுக்காதீர்கள், கையை வீசாதீர்கள். துண்டு, முந்தானை, பை எது கிடைக்கிறதோ அதால் முகத்தையும் கழுத்தையும் மூடிக்கொண்டு விலகுங்கள். 100 மீட்டர் தாண்டியும் துரத்தும். படியில் ஓடினால் கால் இடறி விழுவதுதான் பெரிய காயமாகிறது. ஓடாமல் வேகமாக இறங்கி, இருட்டான மூடிய இடத்துக்குள், வாசல் மண்டபத்து உள்ளறை போன்ற இடத்துக்குள் போவது மேல். குளத்தில் குதிக்காதீர்கள். தலை வெளியே வரும்வரை அவை மேலே சுற்றிக்கொண்டிருக்கும். அதோடு செட்டிகுளம், சக்கரகுளம் படிகள் பாசி பிடித்தவை.

கதண்டு வேறு என்பதையும் கவனியுங்கள். கதண்டு கொடுக்கை விட்டுப் போகாது, ஒன்றே பலமுறை கொட்டும். உடம்பில் முள் இருந்தால் தேனீ, இல்லாவிட்டால் கதண்டு. மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள்.

---

படிக்கல்

கொட்டினால் சுண்ணாம்பு தடவினால் போதும் என்பார்களே.

---

ஊசிமருந்து

எரிச்சல் குறைந்த மாதிரி தோன்றலாம், விஷத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது. தோல் வெந்து போனால் கூடுதல் தொல்லை. செய்ய வேண்டியது முள்ளை எடுப்பது. நகத்தால் பிடுங்குவதா, அட்டையால் வழிப்பதா என்று வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம், வேகம்தான் முக்கியம். முள்ளோடு ஒட்டிய பை சில விநாடிகளில் விஷத்தை இறக்கிவிடும்.

பிறகு இரண்டு விதமான ஆபத்தைப் பிரித்துப் பாருங்கள். முதலாவது ஒவ்வாமை. ஒரே கொட்டு போதும். உடம்பெங்கும் தடிப்பு, உதடு நாக்கு வீக்கம், மூச்சிரைப்பு, வாந்தி, தலைசுற்றல். இதற்கு மருந்து அட்ரினலின். பெரியவர்களுக்கு ஆயிரத்தில் ஒன்று செறிவில் 0.5 மில்லி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். குறையாவிட்டால் 5 முதல் 15 நிமிடத்தில் மறுபடி. பயிற்சி உள்ளவர் மட்டுமே போட வேண்டும். ஆளை உட்காரவைக்காமல் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் மட்டும் சாய்த்து உட்காரவைக்கலாம். இந்த நிலையில் எழுப்பி நடத்திக் கூட்டி வருவது உயிரை எடுத்துவிடும்.

இரண்டாவது, கொட்டின் எண்ணிக்கை. 50க்கு மேல் என்றால் ஒவ்வாமை இல்லாவிட்டாலும் மருத்துவமனையில் வைத்துப் பார்க்க வேண்டும். தசை சிதைந்து சிறுநீரகம் பழுதாகலாம். சிறுநீர் கட்டங்காபி நிறத்தில் போனால் நேரம் கடத்தாதீர்கள். செஞ்சி அரசு மருத்துவமனையில் முதலுதவி, அதற்கு மேல் முண்டியம்பாக்கம் அல்லது திருவண்ணாமலை மருத்துவக் கல்லூரி.

குரங்குக் கடிக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவவும். 15 நிமிடம் என்றால் கடிகாரத்தைப் பார்த்து 15. கட்டுப் போடவோ தையல் போடவோ கேட்காதீர்கள். ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி ரேபிஸ் (வெறிநோய்) இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேண்டும். தோலுக்குள் போடும் ரேபிஸ் தடுப்பூசி 0, 3, 7, 28ஆம் நாட்களில், ஒவ்வொரு முறையும் இரண்டு இடத்தில் 0.1 மில்லி. வீட்டுக்குப் போன பின் மூன்றாம் நாள் ஊசியை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

---

தூக்குக்கட்டில்

உச்சியிலிருந்து இறக்குவது பற்றி. ராஜகிரி மேலே ஏறும் கடைசிக் கட்டத்தில் பாறைப் பிளவு ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய 24 அடி அகலம், 60 அடி ஆழம், பழைய இழுபாலம் இருந்த இடம். எதிரியைத் தடுக்கக் கட்டியது ஸ்ட்ரெச்சரையும் தடுக்கும். ஏறுபவரும் இறங்குபவரும் அங்கே முட்டிக்கொள்கிறார்கள். ஆள் இறக்கும்போது முதல் வேலை, பாலத்தின் இரு முனையிலும் ஒருவரை நிறுத்தி மேலே வருபவர்களை நிறுத்துவது. இதைச் செய்யாமல் தூக்க ஆரம்பித்தால் நடுப்பாலத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

ஸ்ட்ரெச்சருக்கு 6 பேர், மாற்று ஆள் 6 பேர், முன்னே வழி விலக்க ஒருவர், பக்கத்தில் நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வர ஒருவர். ஆக 14. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கை மாற்ற வேண்டும். படி இறங்கும்போது கால் முன்னே, தலை பின்னே. முன்னிருப்பவர்கள் தோள் உயரத்துக்குத் தூக்கியும் பின்னிருப்பவர்கள் தாழ்த்தியும் மட்டமாக வைக்க வேண்டும். ஏறிய நேரத்தைப் போல இரண்டு மடங்கைக் கணக்கில் வையுங்கள். விழுந்தவருக்குக் கழுத்தோ முதுகோ வலித்தால் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு வரும் வீரம் கூடாது. அசைக்காமல் வைத்து தீயணைப்பு மீட்புப் படைக்குச் சொல்லுங்கள்.

108க்கோ 112க்கோ கூப்பிடும்போது "செஞ்சிக் கோட்டை" என்றால் போதாது. மூன்று மலை இருக்கிறது. கிருஷ்ணகிரி திண்டிவனம் திருவண்ணாமலைச் சாலைக்கு அந்தப் பக்கம், அதற்கு வாசலே தனி. எனவே முதலில் மலையின் பெயர், பிறகு எந்த வாசலைத் தாண்டி அல்லது எந்தக் கோயிலுக்குக் கீழே, நினைவு இருக்கிறதா, மூச்சு இருக்கிறதா, எத்தனை பேர். கடைசியாக, அவர்கள் துண்டிக்கும்வரை நீங்கள் போனை வைத்துவிடாதீர்கள்.

---

ஊசிமருந்து

மேலே மயங்குபவர்களில் பெரும்பாலோருக்குப் பிரச்சினை வெயில். கருங்கல் பகலெல்லாம் குடித்த சூட்டைப் பிற்பகலில் திருப்பிக் கக்கும், நிழலில் நின்றாலும் அடியிலிருந்து வரும். ஆளுக்கு 2 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், ஒரு லிட்டருக்கு ஒரு உப்புச் சர்க்கரைப் பொட்டலம். பொட்டலத்தைப் பாதி லிட்டரில் கரைத்துக் குடிப்பது தப்பு.

வியர்த்துக் களைத்தவருக்கு நிழலும் தண்ணீரும் போதும். ஆனால் பேச்சு குழறினாலோ, நடத்தை மாறினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ அது வெப்பவாதம். முதலில் குளிரவைக்க வேண்டும், பிறகுதான் தூக்க வேண்டும். சட்டையைக் கழற்றி, இருக்கும் தண்ணீரையெல்லாம் உடம்பில் ஊற்றி, துண்டால் விசிறுங்கள். வாயில் ஊற்றாதீர்கள், புரையேறும்.

---

கோட்டைச்சுவர்

நன்றி. அப்படியென்றால் பிற்பகலுக்கு மேல் ராஜகிரிக்கு விடாமல் தடுப்பதற்குக் காரணம் இதுதானா? அதை எதிர்த்து வாசலில் சண்டை போடுபவர்கள் உண்டு. டிக்கெட் வாங்கினேன், ஏற உரிமை இருக்கிறது என்கிறார்கள்.

---

நீலக்கோப்பு

1958 சட்டப் பிரிவு 18 பொதுமக்களுக்கு நுழையும் உரிமை தருகிறது, "விதிகளுக்கு உட்பட்டு" என்று சேர்த்தே தருகிறது. மூடிய நேரத்தில் உள்ளே நுழைவதும் விதி 9க்குள் வரும். மணிக்கணக்கு எளியது: ஏற ஒன்றரை மணி, மேலே அரை மணி, இறங்க ஒரு மணி. மூடும் நேரத்திலிருந்து 3 மணி நேரம் பின்னால் எண்ணுங்கள். தடுப்பவர் சொல்வது அந்தக் கணக்கைத்தான். பலகையில் நேரத்தை மட்டும் எழுதாமல் இந்தக் கணக்கையும் எழுதினால் பாதிச் சண்டை குறையும். துறையின் பலகைகள் தண்டனையைக் கொட்டை எழுத்தில் சொல்கின்றன, காரணத்தைச் சொல்வதில்லை. என் குறை அது ஒன்றுதான்.

---

தூக்குக்கட்டில்

இடி மழைக்கும் ஒரு கணக்கு உண்டு. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடி என்றால் சுமார் 10 கிலோமீட்டர். அதற்குக் குறைந்தால் உச்சியில் இருக்கக் கூடாது. கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் காத்திருக்கவும். திறந்த கல்மண்டபம் மழையைத் தடுக்கும், மின்னலைத் தடுக்காது. பீரங்கி மேல் உட்கார்ந்து செல்பி எடுப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டுமா தெரியவில்லை.

---

ஆட்டுப்பட்டி

ஒரு சந்தேகம். விதி 8 விலங்கு கூடாது என்கிறது. சித்திரையில் கமலக்கன்னியம்மன் திருவிழாவுக்கு மலையேறும் கூட்டத்தோடு பலி விலங்கும் வருமே. அதையும் தடுப்பார்களா?

---

வழக்குக்கட்டு

வழிபாடு நடக்கும் இடத்தின் வழக்கத்தை மீறக் கூடாது என்பதும் அதே விதி 8இல் இருக்கிறது. ஆகவே ஒரு வரியை மட்டும் பிய்த்துக்கொண்டு திருவிழாவை நிறுத்த முடியாது. நடைமுறையில் வருவாய்த்துறை, போலீஸ், தொல்லியல் துறை, கோயில் தரப்பு நால்வரும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசி முடிப்பதுதான் வழி. பேச வேண்டியது பலியைப் பற்றி மட்டுமல்ல. ஏறும் வழி எது, இறங்கும் வழி எது, பிளவுப் பாலத்தில் ஒரே நேரத்தில் எத்தனை பேர், 108 வண்டி எங்கே நிற்கும், சமையல் நெருப்பு எங்கே. கோடையில் காய்ந்த புல்லில் ஒரு பொறி போதும். பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் அபராதம் என்பதையாவது அன்று வசூலிக்கலாம், அதற்கு அதிகாரம் பெற்ற அலுவலர் ரசீதோடு வாங்குவது சட்டப்படிச் சரி.

---

படிக்கல்

சரி, ஒப்புக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று. நாளைக்கு என் கண்ணெதிரே ஒருவன் கல்யாண மகாலில் கீறினால் நான் என்ன செய்ய?

---

சுதைக்கரண்டி

"தம்பி, நிறுத்துங்க" என்று உரக்கச் சொல்லுங்கள், பாதிப் பேர் அதிலேயே நிறுத்திவிடுவார்கள். கை வைக்காதீர்கள். நேரத்தைக் குறித்து அந்த மூன்று படத்தையும் எடுங்கள். வாசலில் இருக்கும் ஊழியரிடம் சொல்லி, பராமரிப்பு அலுவலர் பெயரில் எழுத்துப் புகார் கொடுத்துப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். அவன் வண்டியில் வந்திருந்தால் நிறுத்துமிடத்தில் வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆளைத் தேட அதுதான் உதவும். அவர்கள் புகாரைப் போலீஸுக்கு அனுப்பத் தயங்கினால் 112.

---

நீலக்கோப்பு

ஊர் திரும்பிய பிறகுதான் நினைவு வந்தது என்றாலும் உங்கள் ஊர்க் காவல் நிலையத்திலேயே கொடுக்கலாம். எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது, நடைமுறைச் சட்டப் பிரிவு 173. இணையத்தில் அனுப்பினால் 3 நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்.